வளையல் சத்தம் வரவில்லை

திருவொற்றியூர் குப்பம்
2 ஜூலை 2023

அன்புத் தம்பி விமலுக்கு,

அண்ணன் செங்குட்டுவன் எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். விசாகப்பட்டினத்தில் நீயும் உன் வீட்டில் ஐரீனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். துறைமுகத்துக் கிரேன்கள் எல்லாம் நீ சொன்னபடி கேட்கின்றனவா?

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது. நம் குப்பத்து டவர் லட்சணம் அப்படி. வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட எனக்குப் பொறுமை கிடையாது. அதுவும் இது நீ படம் போட்டு விளக்க வேண்டிய சங்கதி, அதற்குக் காகிதம்தான் லாயக்கு.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போய்விட்டன. காசிமேட்டில் எனக்கு எஞ்சின் மெக்கானிக் வேலை குறைந்துவிட்டதால் நம் பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூசி தட்டினேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாம் இரண்டு பேரும் நாயாக அலைந்து வாங்கினோமே, கனத்த சத்தத்துக்குப் பெரிய ஊஃபரும் கீச்சுச் சத்தத்துக்குச் சின்ன டுவீட்டரும், அதே பெட்டிகள்தான். மே மாதம் ரேகாவுக்கு வளைகாப்பு நடந்ததல்லவா, மகளுக்காக உன் அண்ணி மோகனா நலங்குப் பாட்டு பாடினாள். மாப்பிள்ளை அதைப் போனில் பதிவு செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். தினம் அதைத்தான் போடுகிறேன். மோகனாவின் குரல் கணீரென்று வருகிறது. ஆனால் வளையல் சத்தம் வரவில்லை. பெண்ணுக்கு முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கினார்கள், ஒரு சிணுங்கல் கூடக் காணோம். டுவீட்டரில் ஏதோ கோளாறு. பெட்டி சத்தத்தை முழுங்குகிறது.

என்ன செய்யலாம் என்று எழுது. உன் அண்ணியும் இப்போதெல்லாம் முணுமுணுவென்றுதான் பேசுகிறாள். “இன்னா மோகனா, வாயைத் தொறந்து பேசேன்” என்றால் முறைக்கிறாள். பெட்டியையாவது ரிப்பேர் பண்ணலாம், பெண்டாட்டியை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
செங்குட்டுவன்


விசாகப்பட்டினம்
16 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலம்! ஐரீன் வாங்கிப் படித்துவிட்டு, பெண்டாட்டியை எங்கே காட்டுவது என்ற இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாங்கள் நலம். அண்ணிக்கும் ரேகாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

முதலில் பெட்டியின் முன்னால் இருக்கும் துணியைக் கழற்றுங்கள். அழுக்கேறிய துணி மெல்லிய சத்தத்தை எல்லாம் குடித்துவிடும். பின்பக்கப் பலகையைத் திறந்தால் உள்ளே நாம் அடைத்த பஞ்சு இருக்கும். நல்ல பஞ்சாகப் பார்த்து, தளர்வாக மாற்றி வையுங்கள், தலையணை மாதிரி திணித்துவிடாதீர்கள். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, நீங்கள் உட்கார்ந்தால் டுவீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரும்படி வையுங்கள். டுவீட்டருக்குப் போகும் கம்பியில் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். கெப்பாசிட்டர் பழசாகிவிட்டால் சத்தம் மங்கும், அதை மாற்றலாம். ரெசிஸ்டரை மட்டும் தொடாதீர்கள். அது டுவீட்டருக்குக் கடிவாளம். படம் போட்டிருக்கிறேன்.

இன்னொன்று. அதே பாட்டை இயர்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதில் வளையல் கேட்டால் கோளாறு பெட்டியில்தான் என்று தெரிந்துவிடும்.

பதிலை எதிர்பார்க்கும்,
விமல்


திருவொற்றியூர் குப்பம்
27 ஆகஸ்ட் 2023

அன்புத் தம்பிக்கு,

சுகம். ரேகாவுக்கு ஆண் குழந்தை பிறந்த சேதி உனக்கு எட்டியிருக்கும். நல்ல தொண்டை, அழுதால் எனக்கே கேட்கிறது. நான் தாத்தா ஆகிவிட்டேன், நீ சின்னத் தாத்தா. மீசையை வெள்ளையாக்கிக்கொள்.

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். துணியைக் கழற்றினேன், பஞ்சு மாற்றினேன், பெயின்ட் டப்பாவில் மணல் நிரப்பி அதன்மேல் பெட்டியைத் தூக்கி வைத்தேன். கெப்பாசிட்டரும் புதுசு. வளையல் வரவில்லை. ஆகவே கடிவாளத்தையும் அவிழ்த்துவிட்டேன். திட்டாதே, ரெசிஸ்டரைத்தான் சொல்கிறேன். இப்போது பரவாயில்லை, கொஞ்சம் உசிர் வந்திருக்கிறது. உன் அண்ணிதான் “இன்னாய்யா இது, காதுல ஊசி வச்சுக் குத்துற மாதிரி கீது” என்கிறாள். அதை மட்டும் நன்றாகக் கத்திச் சொல்கிறாள்.

மற்றபடி அவள் பேச்சு வரவர மோசம். அடுப்படியில் இருந்து ஏதோ சொல்வாள், காற்றுதான் வரும். நானும் சரி சரி என்று தலையை ஆட்டிவிடுகிறேன். எதற்கு ஆட்டினேன் என்று சாயங்காலம்தான் தெரியும். போன வாரம் அப்படித் தலையாட்டியதில் மாமியார் வந்து தங்கிவிட்டார்.

இயர்போன் பற்றிக் கேட்டிருந்தாய். அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம். டுவீட்டருக்கு வேறு வழி இருந்தால் எழுது.

அன்புடன்,
செங்குட்டுவன்


திருவொற்றியூர்
14 செப்டம்பர் 2023

அன்புள்ள தம்பி விமலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீங்களும் ஐரீனும் நலமா? இங்கே பேரன் நலம், ரேகா நலம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் அண்ணனுக்குத் தெரியவேண்டாம்.

தம்பி, அவருக்குக் காது கேட்கவில்லை. குக்கர் விசில் கேட்பதில்லை. பால்காரர் மணி கேட்பதில்லை. போன் அடித்தால் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன், அதில் பேசுவதும் புரியாமல் டவரைத் திட்டுகிறார். வளையல் சத்தம் அந்தப் பாட்டில் நன்றாகக் கேட்கிறது. முதல் நாளே கேட்டது. பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. நான் சொன்னால் “உனுக்கு இன்னா தெரியும்” என்கிறார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. காசிமேட்டில் அவர் பெயரே காது மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவர் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினால் எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பதால்தானே போட்காரர்கள் தேடி வருகிறார்கள்? காது போச்சு என்று கரையில் தெரிந்தால் யார் கூப்பிடுவார்கள்? அத்தனை வருடம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே தலையை வைத்துக்கொண்டிருந்தால் காது என்னதான் செய்யும்?

நீங்கள் சொன்னால் கேட்பார். இதமாக எடுத்துச் சொல்லுங்கள். அவரோடு கத்திக் கத்தி என் தொண்டையே கட்டிக்கொண்டது. “இன்னாக்கா, வூட்ல தெனம் சண்டையா?” என்று கம்பெனியில் பெண்கள் சிரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
மோகனப்ரியா


விசாகப்பட்டினம்
1 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இயர்போனில் கேட்டுப் பார்க்கச் சொன்னது அதற்குத்தான். அண்ணன் நழுவிவிட்டார்.

அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தவரிடம் உங்கள் காது சரியில்லை என்று எப்படி எழுதுவேன்? பொங்கலுக்கு வருகிறேன், நேரில் பக்குவமாகச் சொல்கிறேன். அதுவரை நீங்களும் கத்தாதீர்கள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள், இரண்டு மிளகை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். காது கேட்காதவரைக் கட்டிக்கொண்டதற்குத் தொண்டை கொடுக்கும் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
விமல்


திருவொற்றியூர் குப்பம்
22 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

மழை வெள்ளத்தில் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மாடியில் இருப்பதால் எங்களுக்கு ஒன்றுமில்லை. கீழ்வீட்டு ஃபாத்திமாவும் அவள் குழந்தையும் தண்ணீர் வடியும்வரை எங்களோடுதான் இருந்தார்கள். உங்கள் ஊரில் மழை எப்படி?

நீ பார்சலில் அனுப்பிய, கூர்மையாகக் கத்தும் பீசோ டுவீட்டர்கள் வந்து சேர்ந்தன. பெட்டிக்கு ஒன்றாக, பழைய டுவீட்டருக்கு மேலேயே பொருத்திவிட்டேன். பலே! வளையல் லேசாக வருகிறது என்று நினைக்கிறேன். வந்த மாதிரிதான் இருந்தது. எங்கள் தெருநாய் மட்டும் பாட்டு போட்டதும் வாலைச் சுருட்டிக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் போய்விடுகிறது, அதற்குச் சங்கீத ஞானம் போதாது. ஃபாத்திமாவும் வந்து, “அண்ணே, கொயந்தை தூங்க மாட்டேங்குதுண்ணே, கொஞ்சம் கொறைச்சு வையேன்” என்றாள். மரியாதைக்குக் குறைத்தேன்.

உன் அண்ணி குரல் சுத்தமாக இறங்கிவிட்டது விமல். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்பெல்லாம் அவள் திட்டினால் கடலில் இருக்கிறவனுக்குக் கேட்கும். இப்போது ஏதோ கிழிந்த காகிதம் மாதிரி வருகிறது. சொன்னால் “மொதல்ல உன் காதைப் பாருய்யா” என்கிறாள். ரேகாவும் அதையே சொல்லிச் சிரிக்கிறாள். சரி, நமக்கேன் வம்பு.

பொங்கலுக்கு அவசியம் வா. பெட்டியை நீ கேட்க வேண்டும்.

அன்புடன்,
செங்குட்டுவன்


விசாகப்பட்டினம்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக் கொடுத்த கருவாட்டை ஐரீன் யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அண்ணா, பொங்கலன்று பெட்டியைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “இன்னாடா, வளையல் வருதா?” என்று கேட்டீர்கள். “செமையா கீதுண்ணா” என்றேன். பொய். என் காது கிழிந்துவிடும் போல இருந்தது. வளையல் சத்தம் தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருந்தது. அண்ணி புடவைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனதை நீங்கள் பார்க்கவில்லை.

கோளாறு பெட்டியில் இல்லை அண்ணா. உங்கள் காதில் இருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் மெல்லிய சத்தங்களைக் கேட்கும் சக்தி போய்விட்டது. பஞ்சை மாற்றி, கெப்பாசிட்டரை மாற்றி எதுவும் ஆகாது. எனக்கு செப்டம்பரிலேயே தெரியும். இதை எழுத வேண்டிய நேரத்தில் ஒரு பார்சலை அனுப்பினேன். நேரில் சொல்ல வந்தவன் பொங்கலைத் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காதில் மெஷின் வைத்தால் கேட்கும். அண்ணி உங்களோடு கத்தியே குரலைக் கெடுத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது “போய்ட்டு வா தம்பி” என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. “எல்லாம் உங்கண்ணனால வந்தது” என்று சிரித்தார், நானும் சிரித்தேன். அவர் தொண்டைக்காகவாவது போங்கள்.

உங்கள் தம்பி,
விமல்


திருவொற்றியூர் குப்பம்
9 ஜூன் 2024

தம்பி விமலுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. கோபம்தான், மறைக்க என்ன இருக்கிறது? அத்தனை நாளும் எனக்கு வைத்தியம் சொல்வது போல நடித்தாயே என்று கோபம். நீ சொன்னது நிஜம் என்பது அதைவிடப் பெரிய கோபம்.

தடைக்காலத்தில் போட்காரன் மண்ணாங்கட்டி தன் எஞ்சினைப் பார்க்கக் கூப்பிட்டான். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டுவிட்டு எல்லாம் சரி என்றேன். “இன்னா மாமு, டர்போவுல விசிலு அடிக்குதே, உனுக்குக் கேக்கல?” என்றான். சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரைபடம் போட்டுக் காட்டினார்கள். கோடு பாதி தூரம் நேராகப் போய்ப் பிறகு மாடிப்படியில் உருண்ட மாதிரி இறங்குகிறது. மெஷின் கொடுத்தார்கள்.

அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டேன் விமல். உடனே நிறுத்திவிட்டேன். இதையா ஒரு வருஷமாக இவள் தலையில் கொட்டினேன்? ஃபாத்திமாவின் குழந்தை, அந்த நாய், எல்லோரும் என் கண்முன் வந்தார்கள். அன்றைக்கே பீசோவைப் பிடுங்கினேன். ரெசிஸ்டரைத் திரும்ப வைத்தேன். கடிவாளம் என்று நீ எழுதினாயே, அதேதான். பழைய துணியைத் துவைத்து மாட்டினேன். பிறகு மறுபடி போட்டேன். வளையல் சத்தம் வந்தது. சின்னதாக, அழகாக, மோகனாவின் பாட்டுக்குப் பின்னால் வந்தது.

அந்த நேரம் அடுப்படியில் இருந்து அவள் என்னை ஏதோ கேட்டாள். காற்றுதான் வந்தது. மெஷினைத் தட்டிப் பார்த்தேன். குக்கர் விசில் கேட்கிறது, காக்காய் கத்துவது கேட்கிறது, வாசல் குழாயில் தண்ணீர் சொட்டுவது கூடக் கேட்கிறது. பெட்டிக்குள் இருக்கிற மோகனா கணீரென்று பாடுகிறாள். அடுப்படியில் இருக்கிற மோகனா மட்டும் கேட்கவில்லை. எஞ்சினில் கோளாறு தேடும்போது ஒன்றொன்றாகத் தள்ளிக்கொண்டே வருவோம், கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதைத்தான் பிரிப்போம். பெட்டி சரி, மெஷின் சரி, இப்போது என் காதும் சரி. அவளைக் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

கழுத்தில் தைராய்டு கட்டி. கெட்ட கட்டி. குரலுக்குப் போகும் நரம்பைப் பிடித்துவிட்டது. எப்போதிருந்து குரல் இப்படி என்று டாக்டர் கேட்டார். “ஒரு வருஷமா. இவர்கிட்ட கத்திக் கத்தி” என்றாள். அப்போதும் அதையே சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் குரல் போகிறது என்று முதலில் சொன்னவன் நான்தான் விமல். செவிடன் சொன்னால் யார் நம்புவார்கள்? உன் கடிதம் வந்தபிறகு நானே நம்பவில்லை. எல்லாம் என் காதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

இந்த மாதக் கடைசியில் ஆபரேஷன். முடிந்தால் வா.

செங்குட்டுவன்


விசாகப்பட்டினம்
15 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. லீவு போட்டுவிட்டேன், ஐரீனோடு ரயில் ஏறுகிறேன்.

அண்ணிக்குத் தொண்டையில் கோளாறு என்று தெரிந்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னவன் நான். வரி என்று வேறு கிண்டல் செய்தேன். பொங்கலன்று என் காது நன்றாகத்தான் இருந்தது, அந்தக் குரல் என் பக்கத்திலேயே கேட்டது. நீங்கள் கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு என்ன காரணம்? நேரில் வந்து அண்ணியின் காலில் விழ வேண்டும். வேறென்ன எழுதுவது என்று தெரியவில்லை.

விமல்


திருவொற்றியூர்
24 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி விமலுக்கு,

நான் நலம். நீங்களும் ஐரீனும் நலமாக இருக்க வேண்டும். போன தடவை நீங்கள் போன் செய்தபோது உங்கள் அண்ணன் தானே எடுத்து நன்றாகப் பேசினார் அல்லவா? இனி அவருக்குக் கடுதாசி தேவையில்லை. இந்த வீட்டில் இனிமேல் கடுதாசி எழுத வேண்டியவள் நான்தான்.

கட்டி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். போன வாரம் பரிசோதித்துவிட்டு உயிருக்குப் பயமில்லை என்றார்கள். கட்டியோடு நரம்பையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது, அது உங்களுக்குத் தெரியும். பேசினால் காற்று மட்டும் வருகிறது, பக்கத்தில் வந்தால் புரியும். பயிற்சி செய்தால் கொஞ்சம் தேறும், பாட்டு வராது என்றார்கள். பேரன் மடியில் படுத்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறான். கம்பெனியில் தையல் மெஷின் சத்தத்தில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது, அதனால் அங்கே எனக்குக் குறையில்லை. மண்ணாங்கட்டி மறுபடி அவரை வேலைக்குக் கூப்பிடுகிறான். அவர் காதில் இருக்கும் மெஷினைப் பார்த்துக் கரையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். இதற்கா இத்தனை பயந்தார்?

ஆபரேஷனுக்கு வந்தபோது நீங்கள் அழுததை நினைத்துக்கொண்டே இருக்காதீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கொஞ்சம் இருக்கிறது. என்மேலும் இருக்கிறது, என் தொண்டையை விட்டு அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன்மேல் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரே தன்மேல் என்னைவிட அதிகமாக வைத்திருக்கிறார். நான் வாயைத் திறந்தால் போதும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

ஒரு விஷயம் சொல்கிறேன், அவரிடம் கேட்காதீர்கள். நான் வீட்டில் இருக்கும்போது அவர் அந்தப் பெட்டியைத் தொடுவதே இல்லை, மேலே துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். சாயங்காலம் கம்பெனியில் இருந்து வரும்போது மாடியில் பாட்டு கேட்கும். மெதுவாகத்தான் வைத்திருப்பார். என் குரல், பின்னால் ரேகாவின் வளையல். நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பெட்டியை என்னவெல்லாம் பாடுபடுத்தினீர்கள், இப்போது அவ்வளவு நன்றாக இருக்கிறது தம்பி, நான் இப்படியா பாடினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

பாட்டு முடியும்வரை கீழே படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். ஃபாத்திமா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாள். முடிந்ததும் அவர் மறுபடி முதலில் இருந்து போடுவார். அப்போது எழுந்து, இரும்புக் கேட்டின் கொண்டியைச் சத்தமாகத் தள்ளுவேன்.

இப்போது அவருக்கு அது கேட்கிறது. உடனே நிறுத்திவிடுகிறார்.

அன்புடன் அண்ணி,
மோகனப்ரியா